உளவியல் முதல் தாள் செய்து பார்க்கும் பாடமாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வெளியாகி, கலை அறிவியல் கல்லூரிகளில் சேர்க்கை நடைபெற்று வரும் இந்த நாள்களில், இளங்கலை உளவியலில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்டு வரும் பெற்றோர் முன்னைக் காட்டிலும் கூடியிருக்கிறார்கள். உளவியல் துறையில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் என்பதால் அவர்களில் பலர் என்னிடமும் வருகிறார்கள். உளவியலுக்கு இப்படியொரு வரவேற்பு கிடைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் அந்தப் படிப்பின் நுழைவாயிலாக முதல் பருவத்தில் வைக்கப்படும் ‘பொது உளவியல்’ தாள் நம் கல்லூரிகள் பலவற்றில் நடத்தப்படும் முறை மாறவேண்டும் என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். மனித மனத்தைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அதைச் சோதித்துப் பார்த்த பிறகே ஏற்கும் பழக்கத்தை மாணவரிடம் உண்டாக்க வேண்டிய அந்தத் தாள், வரையறைகளையும் அறிஞர்களின் பெயர்களையும் ஒப்பிக்கும் தாளாகச் சுருங்கிக் கிடக்கிறது.

முதலாண்டில் வந்து அமரும் மாணவர்களில் பெரும்பாலோர் பள்ளியில் இந்தப் பாடத்தைத் தொட்டிராதவர்கள். முகத்தைப் பார்த்தே மனத்தைப் படிக்கக் கற்றுத் தருவார்கள் என்று நம்பி வருபவர்கள் உண்டு. கனவுகளுக்குப் பலன் சொல்லித் தருவார்கள் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. தம் வீட்டிலேயே ஒருவர் மனநோயால் அவதிப்படுவதைக் கண்டு, அது ஏன் என்று தெரிந்துகொள்ளும் தவிப்போடு வருபவர்களும் உண்டு. இந்த மூன்றாம் வகை மாணவர்கள்மீது எனக்குத் தனி மதிப்பு எப்போதும் உண்டு. இவர்கள் அனைவருக்கும் முதல் வகுப்பில் கிடைப்பது, உளவியல் என்றால் என்ன என்பதற்கு நான்கு அறிஞர்கள் தந்த நான்கு வரையறைகள். அடுத்த வாரம் உளவியலின் கிளைகள், அதற்கடுத்த வாரம் உளவியலின் சிந்தனைப் பிரிவுகள் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. பருவம் முடியும்போது ஐந்து அலகுகளும் நடத்தி முடிக்கப்பட்டிருக்கும்; ஒரு சோதனையைக்கூடத் தன் கையால் செய்யாமல் மாணவர் தேர்வெழுதித் தேறியிருப்பார்.

செய்முறை வகுப்பு என்று ஒன்று இல்லாமலில்லை. ஆனால் பல இடங்களில் அது இரண்டாம் ஆண்டுக்கோ மூன்றாம் ஆண்டுக்கோ தள்ளப்படுகிறது. அப்போதும் போன ஆண்டு மாணவரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களைச் சற்றே மாற்றி எழுதிக் கையொப்பம் வாங்கிவிடுவது நடக்கிறது. இதில் மாணவரை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறுபது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரே ஒரு கருவி, அதுவும் பூட்டிய அலமாரிக்குள் இருக்குமென்றால் அவர்கள் வேறு என்னதான் செய்வார்கள்?

ஒரு சோதனையை நேரில் செய்வதால் என்ன விளைகிறது என்பதற்குக் கண்ணாடி வரைதல் என்ற எளிய சோதனையை எடுத்துக்காட்டுகிறேன். மேசைமீது இரட்டைக் கோடுகளால் வரையப்பட்ட ஆறுமுனை நட்சத்திரம் ஒன்று இருக்கும். அதன் எதிரே ஒரு கண்ணாடி நிறுத்தப்பட்டிருக்கும். மாணவரின் கையும் நட்சத்திரமும் ஒரு தடுப்பால் மறைக்கப்பட்டிருப்பதால் அவற்றின் பிம்பத்தைக் கண்ணாடியில் மட்டுமே பார்க்க முடியும். இரு கோடுகளுக்கும் இடையில் பென்சிலை ஓட்டி நட்சத்திரத்தை ஒரு சுற்று வரவேண்டும் என்பதே பணி. சொல்லும்போது மிக எளிதாகத் தோன்றும் இந்தப் பணியில், முதல் முனைக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிடும். முன்னே தள்ள நினைத்தால் பின்னே வரும், திருத்த முயன்றால் கோட்டைத் தாண்டி வெளியே ஓடும். நன்றாகப் படிக்கும் மாணவி ஒருத்தி ஒரே முனையில் நெடுநேரம் பென்சிலை அழுத்தியபடி நகர முடியாமல் தவிப்பதையும், சுற்றி நிற்பவர்கள் ‘இந்தப் பக்கம், இந்தப் பக்கம்’ என்று வழிசொல்லச் சொல்ல அவள் மேலும் தடுமாறுவதையும் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம். பத்துமுறை செய்த பிறகு நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும், பிழைகளும் குறைந்துவிடும். பயிற்சியே பெறாத இடக்கையால் அப்போது வரையச் சொன்னால் அதுவும் முன்பைவிடச் சிறப்பாகச் செய்யும். வலக்கை பழகியது இடக்கைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று மாணவர் தாமாகவே கேட்கத் தொடங்குவார். அந்தக் கேள்வி எழுந்த பிறகு ஆசிரியர் எத்தனை கோட்பாடுகளை நடத்தினாலும் மாணவர் காதில் ஏறும்.

இதே சோதனைதான் நினைவைப் பற்றிய நம் அறிவையே மாற்றியமைத்தது. அமெரிக்காவில் ஹென்றி மொலேசன் என்ற இளைஞருக்குத் தீராத வலிப்பு நோய்க்காக 1953ஆம் ஆண்டு மூளையில் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி இருபுறமும் பெரிதும் நீக்கப்பட்டதால், அதன்பின் நடந்தவற்றை நினைவில் வைத்துக்கொள்ளும் ஆற்றல் அவருக்கு இல்லாமல் போயிற்று. பிரெண்டா மில்னர் என்ற கனடா நாட்டு உளவியலாளர் அவரைத் தொடர்ந்து மூன்று நாள்கள் கண்ணாடி பார்த்து நட்சத்திரம் வரையச் செய்தார். ஒவ்வொரு நாளும் அவருடைய கை தேர்ச்சி பெற்றுக்கொண்டே வந்தது. ஆனால் முந்தைய நாள் இதைச் செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. நினைவு என்பது ஒரே ஒரு பொருளன்று, நிகழ்ச்சிகளை நினைவுகூர்வதும் கை ஒரு திறனைக் கற்பதும் மூளையில் வெவ்வேறு வழிகளில் நடக்கின்றன என்பதற்கு இது அழுத்தமான சான்றாயிற்று. 2008இல் அவர் காலமாகும் வரை எச்.எம். என்ற இரண்டு எழுத்துகளாலேயே பாடநூல்களில் குறிக்கப்பட்டு வந்தார். அந்த நட்சத்திரத்தோடு தாமும் மல்லுக்கட்டிய மாணவர் இந்த வரலாற்றைப் படிக்கும்போது அடையும் வியப்பை, ‘நினைவின் வகைகளை விளக்குக’ என்ற வினாவுக்கு விடை எழுதுபவர் அடைய வழியில்லை.

உளவியல் இந்தியாவுக்குள் வந்ததே ஆய்வுக்கூடத்தோடுதான் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தது உளவியலின் தொடக்கமாகக் கருதப்படுகிறது என்பதை முதலாண்டு மாணவர் எவரும் ஒப்பிப்பார். கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட துறை சோதனை உளவியல் துறையாகவே தொடங்கப்பட்டது என்பதும், அதை நடத்திய நரேந்திரநாத் சென்குப்தா ஹார்வர்டில் பயின்று வந்தவர் என்பதும் அவர்களில் பலருக்குத் தெரிவதில்லை. மைசூரில் 1924இலும் சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1943இலும் துறைகள் வந்தன. அடிமை நாடாக இருந்த காலத்தில், இன்றைய வசதிகள் எவையும் இல்லாத நிலையில், கருவிகளைத் தேடிப்பிடித்து ஆய்வுக்கூடம் அமைத்தவர்களின் வழிவந்த பாடம் இது.

நமக்கு இன்னும் நெருக்கமான வரலாறு ஒன்றும் இருக்கிறது. முல்லர்–லையர் என்ற கண்மயக்கத்தைப் படத்திலேனும் பார்க்காத உளவியல் மாணவர் இருக்க மாட்டார். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில், நுனிகளில் அம்புமுனைகள் உள்நோக்கி மடிந்த கோடு குட்டையாகவும், வெளிநோக்கி விரிந்த கோடு நெட்டையாகவும் தெரியும். ஆய்வுக்கூடத்தில் இதற்கென ஒரு பலகை உண்டு. ஒரு கோட்டை நகர்த்தி, இரண்டும் சமமாகிவிட்டன என்று தோன்றும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பலகையைத் திருப்பினால் பின்பக்கத்து அளவுகோல் எத்தனை மில்லிமீட்டர் பிசகியிருக்கிறோம் என்பதைக் காட்டிவிடும். இப்படிப்பட்ட சோதனையைக் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ரிவர்ஸ் என்ற அறிஞர் 1901–02ஆம் ஆண்டுகளில் நம் நீலகிரியில் தோடர் மக்களிடம் நடத்தினார். அதற்குமுன் 1898இல் ஆஸ்திரேலியாவுக்கு வடக்கேயுள்ள டோரஸ் நீரிணைத் தீவுகளிலும் அவர் இத்தகைய சோதனைகளைச் செய்திருந்தார். இரண்டு இடங்களிலும் அவர் கண்டது, அம்மக்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே இந்த மயக்கத்துக்கு ஆளானார்கள் என்பது. நீலகிரி முடிவுகள் 1905இல் பிரிட்டிஷ் உளவியல் ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தன. ஏன் இப்படி என்பதற்குப் பிற்காலத்தில் பல விளக்கங்கள் கூறப்பட்டுள்ளன. நேர்கோடுகளும் செங்கோண மூலைகளும் நிறைந்த வீடுகளில் வளர்வதே கண்ணைப் பழக்குகிறது என்பது அவற்றுள் ஒன்று, அது இன்றும் விவாதத்துக்குரியது. ஆனால் பார்ப்பது என்ற அடிப்படைச் செயலில்கூட எல்லா மக்களும் ஒரே அளவில் ஏமாறுவதில்லை என்பது ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உதகைப் பக்கத்தில் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. கோவையிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தொலைவில் நடந்த இந்த ஆய்வு, நம் முதலாண்டுப் பாடத்தில் ஒரு பத்தியாகக்கூட இல்லாததைக் கண்டு நான் வருந்தியிருக்கிறேன்.

இதைச் சொல்வதில் வெறும் ஊர்ப் பெருமை இல்லை. உளவியலின் முதன்மையான ஆய்விதழ்கள் சிலவற்றை 2008இல் பரிசீலித்தபோது, அவற்றில் சோதிக்கப்பட்டவர்களில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று தெரியவந்தது. அவர்களிலும் பெரும்பகுதியினர் அமெரிக்கர்கள். அவர்களைச் சோதித்து எழுதப்பட்ட பாடநூல்தான் இங்கும் ‘மனித மனம்’ என்ற பெயரில் நடத்தப்படுகிறது. திருவாரூரிலோ தருமபுரியிலோ உள்ள முதலாண்டு மாணவர், புத்தகத்தில் படித்த ஒரு சோதனையைத் தம் தெருவில் உள்ள இருபது பேரிடம் செய்து பார்த்து, அதே முடிவு வருகிறதா என்று எழுதினால், அது ரெக்கார்டு நோட்டை நிரப்புவதற்கு மேலான பணியாக இருக்கும். முடிவு மாறி வந்தால் இன்னும் நல்லது. ஏன் மாறியது என்று வகுப்பில் ஒரு மணிநேரம் பேசலாம்.

மனப்பாடமாக நடத்துவதில் உள்ள இன்னொரு கேடு, தவறென்று தெரிந்துவிட்டவை அப்படியே தொடர்ந்து நடத்தப்படுவது. நியூயார்க்கில் 1964ஆம் ஆண்டு கிட்டி ஜெனோவீஸ் என்ற பெண் கொல்லப்பட்டபோது 38 பேர் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தும் ஒருவரும் உதவவில்லை என்ற செய்தி, கூட்டத்தில் நின்றால் உதவும் எண்ணம் குறையும் என்பதற்குச் சான்றாக இன்றும் வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. 2007இல் வெளியான ஆய்வுக் கட்டுரை ஒன்று, அந்த 38 பேர் கதைக்கு நீதிமன்ற ஆவணங்களில் ஆதாரமில்லை என்று காட்டியது. அண்டை வீட்டுப் பெண்மணி ஒருவர் ஓடிவந்து, உயிர் பிரியவிருந்த அந்தப் பெண்ணைத் தாங்கிக்கொண்டார் என்பதும் பதிவாகியுள்ளது. ஆனால் அந்தச் செய்தியால் தூண்டப்பட்டு டார்லி, லட்டானே என்ற இருவர் 1968இல் வெளியிட்ட சோதனை வேறு தரத்தது. தனித்தனி அறைகளில் இருந்து இன்டர்காம் வழியாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒருவருக்கு வலிப்பு வந்ததுபோல் குரல் கேட்கும். அதைக் கேட்பது தாம் ஒருவர் மட்டுமே என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் அந்த வலிப்பு ஓய்வதற்குள் உதவி கோரி எழுந்தனர். வேறு நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தனர். கதை எது, சோதனை எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த மாணவர், சாலையில் விபத்து நடந்து கூட்டம் கூடி நிற்கும்போது ‘யாராவது 108-க்கு போன் பண்ணுங்க’ என்று பொதுவாகக் கூவாமல், எதிரே நிற்பவரைக் கைகாட்டி ‘அண்ணா, நீங்க பண்ணுங்க’ என்று சொல்வார். இந்த ஒன்றைக் கற்றுத் தந்தாலே அந்த அலகு நடத்தியதற்குப் பயன் கிடைத்துவிடும்.

1971இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மாணவர்களைக் காவலர்களாகவும் கைதிகளாகவும் நடிக்கவைத்து நடத்திய சிறைச்சோதனையும் அப்படியே. இரு வாரத்துக்குத் திட்டமிட்டு ஆறே நாளில் நிறுத்தப்பட்ட அந்தச் சோதனை, அதிகாரம் கிடைத்தால் எந்த மனிதனும் தானாகவே கொடியவனாகிவிடுவான் என்பதற்கு நிரூபணமாக நடத்தப்படுகிறது. பழைய ஒலிப்பதிவுகளும் ஆவணங்களும் பின்னாளில் ஆராயப்பட்டபோது, காவலர்களாக இருந்த மாணவர்களுக்குக் கடுமையாக நடந்துகொள்ளும்படி தூண்டுதல் தரப்பட்டிருந்தது வெளிவந்தது. 2015ஆம் ஆண்டு உலகெங்கும் உள்ள உளவியலாளர்கள் ஒன்றுகூடி 100 ஆய்வுகளை மறுபடியும் செய்து பார்த்தனர். மூல ஆய்வுகளில் 97 விழுக்காட்டில் புள்ளியியல் முறைப்படி பொருட்படுத்தத்தக்க முடிவு சொல்லப்பட்டிருக்க, மறுமுறை செய்தபோது 36 விழுக்காட்டில் மட்டுமே அத்தகைய முடிவு கிடைத்தது. இதைக் கேட்டு உளவியலே பொய் என்று சிலர் சொல்லக்கூடும். தன் வீட்டுக் குப்பையைத் தானே வெளியே கொண்டுவந்து கொட்டிய துறை என்று நான் பெருமைப்படுகிறேன். ஆனால் அந்தப் பெருமை மாணவரைச் சேரவேண்டுமானால் ஆசிரியர் கையிலுள்ள பழைய குறிப்புகள் மாற வேண்டும்.

முதல் தாள் மாணவருக்கு நேரடியாகக் கைகொடுக்கும் இடமும் ஒன்று உண்டு. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவாக மறக்கிறோம் என்பதை அளந்து 1885இல் வெளியிட்டார். 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினர்; ஒருவாரம் கழித்து நடந்த தேர்விலோ, ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினர். இந்த ஆய்வை நடத்தும் வகுப்பிலேயே, தேர்வுக்கு முந்தைய இரவு முழுவதும் கண்விழித்து ஒரே குறிப்பைப் பத்துமுறை வாசிக்கும் மாணவர்கள் அமர்ந்திருக்கிறார்கள்.

பெற்றோருக்கும் சில சொல்ல வேண்டும். இளங்கலை உளவியல் முடித்தவுடன் மனநல ஆலோசகர் என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பரவியிருக்கிறது. நோயாளிகளுக்குச் சிகிச்சையளிக்கும் மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, அதற்கென வகுக்கப்பட்ட உயர்படிப்பும், 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவும் வேண்டும். சில மாத வகுப்புக்குப் பணம் கட்டிச் சான்றிதழ் வாங்கியவர்களிடம் துன்பத்தில் இருக்கும் மனிதர்கள் போய் விழுவது, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்டில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி இறந்ததைப் பார்த்த மாநிலத்தில் இனியும் நடக்கக் கூடாது. அதேபோல், முதலாண்டில் மனக்கோளாறுகளைப் பற்றிய பாடத்தைப் படிக்கும்போது அத்தனை அறிகுறிகளும் தமக்கு இருப்பதாக எண்ணி மாணவர் கலங்குவது மிகவும் இயல்பு. ஆசிரியர் அதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிட வேண்டும். உண்மையிலேயே உதவி தேவைப்படுபவர்களுக்கு, 2022இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல உதவிச் சேவையின் 14416 என்ற எண்ணைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட வேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் அரசின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். 2025–26 கல்வியாண்டு முதல் உளவியலைத் தொலைநிலைக் கல்வியிலும் இணையவழிக் கல்வியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்துவிட்டது. செய்முறை இல்லாமல் இந்தப் பாடத்தை நடத்த முடியாது என்ற கருத்தில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் உளவியல் படித்துவந்த பெண்களும், தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளைகளும் இனி எங்கே போவார்கள்? உளவியல் துறை உள்ள அரசு கலைக் கல்லூரிகள் மிகச் சிலவே. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கல்லூரியிலாவது, மாலை நேர வகுப்பாகவேனும், இந்தத் துறையைத் தொடங்க உயர்கல்வித் துறை முன்வர வேண்டும். உடனே துறை தொடங்க இயலாத இடங்களில், என்.எம்.இ. எனப்படும் பிற துறை விருப்பப் பாடமாகப் பொது உளவியலை வைக்கலாம். வணிகவியலோ தாவரவியலோ படிக்கும் பிள்ளைக்கும் அது பயன்படும்.

பல்கலைக்கழகங்களின், தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழுக்களிடம் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவையல்ல. முதல் பருவத்திலேயே வாரத்துக்கு இரண்டு மணிநேரம் செய்முறைக்கு ஒதுக்கி, அதற்கு அகமதிப்பெண் தரவேண்டும். வினாத்தாளில் ‘வரையறு’, ‘பட்டியலிடு’ என்பவற்றைக் குறைத்து, ஒரு சிறு சோதனையையும் அதன் முடிவுகளையும் கொடுத்து, இதிலிருந்து என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்று கேட்க வேண்டும். பள்ளியில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகள் ஆங்கிலத் தொடர்களைப் பொருள் புரியாமல் உருப்போடும் நிலை நீங்க, செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எளிய நடையில் தயாரித்து, ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிட வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் இந்தப் பொறுப்பை ஏற்றால் மிகவும் பொருத்தமாக இருக்கும். கருவிகளுக்குப் பணமில்லை என்ற காரணத்தை மட்டும் ஏற்பதற்கில்லை. கண்ணாடி வரைதலுக்கு வேண்டியவை ஒரு முகக்கண்ணாடி, ஓர் அட்டை, அச்சடித்த நட்சத்திரத் தாள்கள் ஆகியவையே. நேரத்தை அளக்க ஒவ்வொரு மாணவரின் கைப்பேசியிலும் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. முல்லர்–லையர் பலகையை அட்டையிலேயே வெட்டி ஒட்டிவிடலாம். பின்பக்கத்தில் ஒட்டப் பள்ளிப் பிள்ளைகளின் பிளாஸ்டிக் ஸ்கேல் போதும். வரும் பருவம் தொடங்குவதற்குள் இவற்றை அறுபது பேருக்கும் போதுமான அளவில் துறையிலேயே செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை,
கோயம்புத்தூர்.